பெட்டிக்குள் ஒரு தசரா வேஷம்

தச்சநல்லூர் தேன்மொழி டீச்சர் வீட்டுக் கட்டிலில் ஒரு மாதமாக மனுஷர் படுக்க இடமில்லை. சேலைகள்தான் படுத்திருந்தன. மடித்த சேலை, பிரித்த சேலை, வேண்டாம் என்று தள்ளிவிட்டு மறுநாள் மனசு கேட்காமல் திரும்ப எடுத்துவைத்த சேலை. அவள் வீட்டுக்காரர் முத்துமாலை கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார். தசராவுக்கு மாலை போட்ட விரதக்காரர் என்பதால் அவருக்குக் கட்டில் எப்படியும் ஆகாது. அதனால் சண்டை வரவில்லை.

தேன்மொழி அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லியே ஓய்வு பெற்றவள். பாட்டில் விமானம் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் விரித்து அறை முழுக்கப் பறந்து காட்டியிருக்கிறாளே தவிர, நிஜ விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்போது மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று மூன்று நாட்டையும் ஒரே வீச்சில் சுற்றிக் காட்ட உங்கள் இருவரையும் கூட்டிப்போகிறேன் என்று சுற்றுலா நடத்தும் நடராஜ் சொல்லியிருந்தான். இடுப்பில் துண்டு நிற்காத வயசில் அவளிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவன். அந்த உரிமையில் ஜன்னலோரச் சீட்டும் தருவதாகச் சொல்லியிருந்தான்.

புறப்படுகிறவர்களையெல்லாம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டிவைத்து, எதை எடுத்து வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று அவன் பாடம் எடுத்தான். பெட்டி இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. கீழே புழுங்கும், மலைமேல் குளிரும். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ரோப்காரில் ஏறினால் அவன் பொறுப்பில்லை. ஊறுகாய் பாட்டில் உடைந்து துணியெல்லாம் எண்ணெய் ஆனாலும் அவன் பொறுப்பில்லை. கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகாமலிருக்க ஆளுக்கொரு மஞ்சள் பனியன் கொடுத்தான். அதைச் சேலைக்கு மேலே போடுவதா உள்ளே போடுவதா என்று பெண்கள் பக்கத்தில் பெரிய விவாதம் நடந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் ஜயலக்ஷ்மி மேடம் பழக்கமானார். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியையாக இருந்தவர். உலகத்தில் பாதியைப் பார்த்துவிட்டு மீதிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர். சேலையை மடிக்காமல் பாய் மாதிரிச் சுருட்டி வைத்தால் கசங்காது என்று செய்தே காட்டினார். பேச்சுவாக்கில், விமானத்தில் நீங்கள் என் பக்கத்தில் உட்காருங்கள் டீச்சர் என்று வேறு சொல்லிவிட்டார். தேன்மொழிக்கு அன்றிலிருந்து கால் தரையில் இல்லை. அவ்வளவு படித்தவர் பக்கத்தில் உட்காரப்போகிறோம், நாம் கட்டுவதும் பேசுவதும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டாமா என்று ஒரு பயம் வந்துவிட்டது. கட்டில் மேலே சேலைகள் ஏறியதற்கு உண்மையான காரணம் அதுதான்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். ஆவணியில் புறப்படுவதாக இருந்த பயணம், டிக்கெட் அமையவில்லை என்று தள்ளிப்போனது. நடராஜ் புதுத் தேதியை வாட்ஸப் குழுவில் போட்டான். தேன்மொழி காலண்டரைப் பார்த்தாள். கிளம்புவது குலசேகரன்பட்டினத்தில் தசராக் கொடி ஏறுகிற அன்றைக்கு. திருவனந்தபுரத்தில் திரும்ப வந்து இறங்குவது தசரா முடிகிற பத்தாம் நாள், சூரசம்காரத்தன்று காலையில்.

குலசை என்று சுருக்கிச் சொல்லும் அந்த ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். கொடி ஏறியதும் கையில் காப்புக் கட்டி, நேர்ந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு நாலு பேரிடம் கையேந்துவார்கள். கிடைத்த காணிக்கையைச் சம்காரத்தன்று முத்தாரம்மன் சந்நிதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஒருவர் காளி, ஒருவர் குரங்கு, ஒருவர் போலீஸ், ஒருவர் பிச்சைக்காரர். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர், தெருவே பயப்படுகிற மீசைக்காரர் முத்துமாலை நேர்ந்திருந்தது பெண் வேஷம்.

தேன்மொழிக்கு வயிற்றில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்தும் கண் திறக்காமல் கிடந்தபோது நேர்ந்தது அது. மூன்று வருஷம் வேஷம் போட வேண்டும், வருஷத்துக்கு மூன்று நாளாவது கையேந்த வேண்டும் என்று கணக்கு. இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அவளுடைய கத்திரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, தையல் பிரித்து அகலமாக்கிய அவளுடைய ஜாக்கெட்டைப் போட்டு, சவுரியும் வளையலுமாக அவர் கிளம்பினால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். மீசையை மட்டும் எடுக்கமாட்டார். மீசை இருந்தால்தானே முத்தாரம்மனுக்கு ஆளைத் தெரியும் என்பார். தேன்மொழியும் சிரித்துக்கொண்டேதான் கொசுவம் வைத்துக் கட்டிவிடுவாள். தச்சநல்லூரில் சிரிப்பது வேறு. பேராசிரியை முன்னால் சிரிப்பது வேறு.

புதுத் தேதியைக் கேட்டதும் முத்துமாலை காலண்டரை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். அப்புறம், நீ போய் வா, நான் இங்கனயே இருந்துக்கிடுதேன் என்றார். நீங்கள் இல்லாமல் நான் எந்த நாட்டைப் பார்த்து யாரிடம் சொல்ல என்று அவள் அழுகிற குரலில் கேட்டுவிட்டாள். அவர் யோசித்தார். மறுநாள் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழியைக் கேட்டபோது, இவர் ஊரிலேயே இருந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது நிஜம்.

கொடியேற்றத்தன்று காலையில் குலசையில் காப்புக் கட்டிக்கொண்டு நேரே விமானம் ஏறுவது. வேஷத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்வது. போகிற இடத்தில் மூன்று நாள் வேஷம் போடுவது. திரும்பி வந்து இறங்கியதும் வண்டி பிடித்துச் சாயங்காலத்துக்குள் அம்மன் வாசலுக்குப் போய்விடுவது. இதுதான் அவர் திட்டம். அம்மா கடல் தாண்டக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை என்று சாஸ்திரமும் பேசினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. நடராஜ் மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்றுதான் தேன்மொழி நம்பியிருந்தாள். முத்துமாலை அவள் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டார். அவன் முதலில் சிரித்தான். பிறகு பயந்தான். பிறகு, சிங்கப்பூர்த் தெருவில் கையேந்தினால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் மாமா, ஹோட்டலுக்குள்ளேயே நம்ம குழுவிடம் மட்டும் காணிக்கை கேட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று உத்தரவு கொடுத்துவிட்டான். வேறு யார் முன்னால் வேஷம் போட்டாலும் தேன்மொழிக்குக் கவலையில்லை. அந்தக் குழு முன்னால்தான் கூடாது. அவன் சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு மத்தியானமே முத்துமாலை ஒரு பையோடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சவுரி, கண்ணாடி வளையல், காகிதப்பூ மாலை, கத்திரிப்பூ நிறச் சேலை எல்லாம் அதில் இருந்தன. மலேசியாவில் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க தேன்மொழி மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்ததும் அதே சேலைதான். இதை நீ கட்டவும் முடியாது, ஜாக்கெட் என் அளவுக்கு இருக்கு என்று அவர் நியாயம் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாக்கெட் இன்னொன்று தைத்துக்கொள்வேன், அது இல்லை விஷயம் என்றாள். குழுவில் இருக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள், ஒன்பது நாளும் நான் யார் முகத்தில் முழிப்பேன் என்று ஆரம்பித்தவள் எங்கெங்கோ போய், கல்யாணத்தில் அவர் வீட்டார் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னது வரைக்கும் வந்தாள். முத்துமாலை, காப்புக் கட்டப்போகிற மனுஷர் கோபப்படக் கூடாது என்று வளையல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

அப்புறம் இறங்கி வந்து பேரம் பேசினாள். போலீஸ் வேஷம் போடலாமே, காக்கிச் சட்டை எடையே இல்லை. அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கினால் நிஜப் போலீஸ் வந்துவிடும் என்றார் அவர். சரி, பிச்சைக்காரர் வேஷமாவது போடுங்கள், ஒரு கிழிசல் வேட்டி போதும், பாதிப் பேருக்கு வேஷம் என்றே தெரியாது என்றாள். அதற்கும் தலையை ஆட்டினார். நேர்ந்தது எதுவோ அதுதான் என்றார்.

“அம்புட்டு வேஷம் கெடக்கையில ஒங்களுக்குப் பொம்பள வேஷம்தான் கெடச்சுதா? எதுக்கு அதை நேந்தீங்க?” என்று கேட்டாள். இத்தனை நாளில் ஒருநாள்கூட இதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

முத்துமாலை வளையலைக் கீழே வைத்தார். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்கிறவர்போல அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசினார்.

“ஆஸ்பத்திரியில ஒனக்கு மாத்துச் சேலை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பீரோவத் தொறந்தேன். அம்புட்டுச் சேலை அடுக்கி வச்சிருக்க. எதை எடுக்கன்னு எனக்குத் தெரியல தேனு. ஒன்னயக் கேக்கலாம்னா நீ கண்ணே தொறக்கல. இதையெல்லாம் இனி யாரு கட்டப்போறான்னு நெனச்சேன் பாத்துக்க. அங்கனயே உக்காந்து சொன்னேன். அம்மா, அவ எந்திச்சு வந்து, இதுல ஒரு சேலைய அவ கையால எனக்குக் கட்டிவிடட்டும், மூணு வருஷம் அதைக் கட்டிக்கிட்டு ஒன் வாசல்ல வந்து நிக்கேன்னு.”

தேன்மொழி திரும்பினாள். கட்டிலைப் பார்த்தாள். எதை எடுக்க, எதை விட என்று ஒரு மாதமாகத் தான் பெருமையாகத் திண்டாடியதையும், இதே சேலைகள் முன்னால் இந்த மனுஷர் ஒற்றையாக நின்று திண்டாடியதையும் சேர்த்து நினைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துவிட்டு, மூக்கையும் உறிஞ்சிவிட்டு, எழுந்து பீரோவைத் திறந்தாள்.

அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த அரக்குப் பட்டை எடுத்தாள். அவளுடைய முகூர்த்தப் பட்டு. பத்திரமாக வைத்துவைத்து, கட்டாமலே சரிகை மங்கத் தொடங்கியிருந்தது. கத்திரிப்பூ நிறம் இரண்டு வருஷம் கட்டியாகிவிட்டது, மூன்றாம் வருஷம் முடிக்கிற வருஷம், இதைக் கட்டுங்கள் என்றாள். முத்துமாலை பதறிப்போய், இதா, கிழிந்துவிட்டால் என்ன செய்ய என்றார். கிழிந்தால் கிழியட்டும், சும்மா இருங்கள் என்றாள். அதற்குரிய ஜாக்கெட்டை எடுத்துத் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். கல்யாணத்தில் அவள் இருந்த இருப்புக்குத் தைத்த ஜாக்கெட் அவருடைய கைக்குக்கூடக் காணாது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் டெய்லரிடம் ஆண் அளவு கொடுத்துப் பெண் ஜாக்கெட் தைக்கச் சொல்வது என்று முடிவாயிற்று.

பட்டு ஏறியதும் பெட்டி எடை தாண்டியது. தேன்மொழி யோசிக்கவே இல்லை. தனக்கு வைத்திருந்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். இதைப் பார்த்தால் மேடம் மெச்சுவார் என்று வைத்தது ஒன்று, அது போதாதோ என்று பயந்து வைத்தது இன்னொன்று என்று பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டது. மீதி இருந்ததெல்லாம் அவளுக்குப் பிடித்த சாதாரணச் சேலைகள். பெட்டி லேசாக மூடிக்கொண்டது.

பிறகு போனை எடுத்தாள். போன வருஷம் சம்காரத்தன்று குலசைக் கடற்கரையில் யாரோ எடுத்துக் கொடுத்த போட்டோ ஒன்று அதில் இருந்தது. சேலையும் சவுரியும் மீசையுமாக முத்துமாலை, பக்கத்தில் அவள். இதுவரை சொந்தக்காரர்களுக்குக்கூட அவள் அனுப்பியதில்லை. அதைக் குழுவில் போட்டு, கீழே எழுதினாள். இவர் என் வீட்டுக்காரர், குலசை அம்மனுக்கு நேர்ந்து வேஷம் போடுகிறார், ஹோட்டலில் உங்களிடம் காணிக்கை கேட்டு வருவார், எல்லாரும் போட வேண்டும். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அழிக்கவில்லை.

போன் அடித்தது. ஜயலக்ஷ்மி மேடம். தேன்மொழி எழுந்து நின்றுகொண்டு எடுத்தாள். மேடம் எடுத்த எடுப்பில், போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன் டீச்சர், கொசுவம் ஒரு பக்கமா இழுத்துண்டு நிக்கறதே, யார் கட்டிவிட்டது என்று கண்டிப்பாகக் கேட்டார்.

மேடத்திடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு மாதமாகப் பழகி வைத்திருந்த பேச்சு ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை.

“நான்தான் மேடம் கட்டிவிட்டேன்” என்றாள் தேன்மொழி. “நான் எந்திச்சு வந்து கட்டிவிடணும்னுதான் நேந்துக்கிட்டாராம்.”