கதாசிரியரே சோதித்துப் பார்த்தது

என் வீட்டுக்காரர் மாக் யிங்-தோவின் தொடர்கதையில் இதுவரை நூற்று நாற்பது பேர் செத்திருக்கிறார்கள். அத்தனை பேராகவும் செத்தவள் நான்தான்.

ஹாங்காங்கில் சண்டைக்கதை எழுதுகிற மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்து சிகரெட் பிடித்தபடியே ஆளை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பறக்கவிடுகிறார்கள். இவருக்கு அதெல்லாம் ஆகாது. தினமும் காலையில் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் காற்றைக் குத்தி, காலை வீசி, நாய்போல மூச்சு வாங்கிக்கொண்டு கஞ்சிக்கு இறங்கி வருவார். மதியம் அதே மொட்டைமாடியில் மேசை போட்டு எழுத உட்காருவார். ஒரு பிடியோ அடியோ எழுத வேண்டுமானால் முதலில் அதை யார்மேலாவது செய்துபார்க்க வேண்டும். கையில் வராதது பேனாவில் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கை அவருடையது, முதுகு என்னுடையது.

"குவாய்-ஹா, கொஞ்சம் மேல வா."

"மீன் அடுப்புல இருக்கு."

"ரெண்டே நிமிஷம். நீ இப்ப ஒத்தைக்கண்ணு சாமியார். கையில ஈட்டி வச்சிருக்க."

ஈட்டி என்றால் துணி காயப்போடும் மூங்கில். ஒற்றைக்கண் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் கோபம் வரும்.

கல்யாணமான புதிதில் நான் நேர்மையாகத்தான் நின்றேன். நான் ஒன்றும் பூஞ்சை இல்லை. இவரைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியவள். இவரோ, தொப்பையைக் கழித்துவிட்டால் மீதி ஒரு குடைதான். காலைக் கொடுத்துத் தட்டுவார், நான் நிற்பேன். மறுபடி தட்டுவார், நிற்பேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பத்திரிகை ஆபீஸ் சைக்கிள்காரர் கீழே வந்து மணி அடிப்பார். தாள் வெறுமையாக இருக்கும். இரண்டு முறை கதை போகவில்லை. மூன்றாவது முறையும் போகாவிட்டால் அந்த இடத்தில் குதிரைப் பந்தயக் குறிப்பு போடப்போவதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லியனுப்பினார். அன்றைக்கு இவர் கையை நீட்டியதுமே நான் பொத்தென்று உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து படுத்துவிட்டேன்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சக்கரவர்த்தி கெட்டார். பத்து நிமிஷத்தில் அன்றைய தவணைக்கான ஆயிரம் எழுத்தையும் எழுதி முடித்தார். எனக்கும் அடுப்பைப் பார்க்க நேரம் கிடைத்தது. அதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக விழுகிறேன். எங்கே காயாத துணி இருக்கிறதோ அந்தப் பக்கமாகப் பார்த்து விழக்கூடக் கற்றுக்கொண்டேன்.

வினை எங்கே வந்ததென்றால், போன மாதம் கதையில் நாரைப் பள்ளி வில்லன் ஒருவன் வந்தான். நாரைப் பள்ளி என்கிற சண்டைப் பள்ளி நிஜமாகவே இருக்கிறது. ஷாவ்கெய்வானில் ஒரு மீன்கடைக்கு மேல்மாடியில் ஃபுங் வாத்தியார் நடத்துகிறார். அவர்களுடைய கழுத்துப்பிடியிலிருந்து இதுவரை யாரும் தப்பியதில்லை என்பது ஊருக்கே தெரியும். இவர் அந்தப் பிடியை எனக்குச் சொல்லிக்கொடுத்து, தன் கழுத்தை என்னையே பிடிக்கச் சொல்லி, ஒரு காலை அரை அடி பின்னால் வைத்து இடது முழங்கையால் ஒரு தட்டு தட்டினார். கீழே சோறு பொங்கி வழியும் வாசனை வந்தது. நான் விழுந்தேன். கதாநாயகன் அப்படியே அந்தப் பிடியை உடைத்ததாக எழுதியதோடு இவர் நிற்கவில்லை. அடைப்புக்குறி போட்டு, 'இது கதாசிரியரே சோதித்துப் பார்த்தது' என்று சேர்த்தார்.

மூன்றாம் நாள் ஃபுங் வாத்தியாரின் சீடர்கள் இரண்டு பேர் ஒரு பொட்டலம் தேயிலையோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்து, எல்லார் முன்னாலும் வாத்தியாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து மன்னிப்பு கேட்டால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் அவர் பிடிப்பார், இவர் பிடியை உடைத்துக் காட்ட வேண்டும் என்றார்கள்.

"ஊத்திக் குடுத்துட்டு வாங்களேன். என்ன குறைஞ்சுபோகுது?" என்றேன். "நான் உங்களுக்குத் தினம் நாலு தரம் ஊத்துறேன், நான் என்ன தேஞ்சா போயிட்டேன்?"

"பொய் எழுதியிருந்தா ஊத்தலாம். செஞ்சு பாத்துட்டுத்தானே எழுதினேன். நீயே சாட்சி."

சாட்சி வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. அந்தக் கிழவர் இவர் கையை முறித்துவிட்டால் தொடர்கதை நின்றுவிடும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்த மனுஷனுக்குச் சொந்த வீடு இல்லை, பிள்ளை இல்லை. தான் எழுதியதெல்லாம் நிஜம் என்கிற ஒரே நினைப்புதான் இருக்கிறது. அதை நான்தான் பொய்யாக்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன். "ஏங்க, அன்னைக்கு அந்தக் கழுத்துப்பிடியில நான் கொஞ்சம் சும்மாவே விழுந்திருப்பேன்னு நினைக்கிறேன்."

அவர் சிரித்தார். "அப்படித்தான் தோணும். நல்ல அடி விழுந்தா, எப்படி விழுந்தோம்னு வாங்கினவனுக்கே தெரியாது." பிறகு, "அட, இது நல்லாயிருக்கே" என்று பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எதை எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ட்ராமில் போனோம். நாரைப் பள்ளியில் நாற்பது சீடர்கள் சுவரோரமாக நின்றார்கள். கீழிருந்து மீன் நாற்றம் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது. ஃபுங் வாத்தியாருக்கு அறுபத்திரண்டு வயது, என்னைவிடக் குள்ளம். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியமும் அவரே பார்க்கிறார். அவராகவே வாடிக்கையாளர்களை உண்டாக்கிக்கொள்ள முடிகிற தொழில்.

"மாக் சார், உங்க கதைய ஒருநாள் விடாம படிக்கிறேன்" என்றார். "அந்த ஒத்தைக்கண்ணு சாமியார் செத்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல."

அது நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"தேநீர் தயாரா இருக்கு. ஊத்திடுறீங்களா?"

"வேணாம் வாத்தியாரே. பிடிங்க."

கிழவர் பிடித்தார். இவர் காலை அரை அடி பின்னால் வைத்து இடது முழங்கையால் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தட்டினார். மூன்றாவது தரமும் தட்டினார்.

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று வாத்தியார் மரியாதையாகக் கேட்டார்.

சீடர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாத்தியார் இடுப்பைக் கொஞ்சம் திருப்பினார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பலகைத் தரையில் விழுந்த சத்தத்துக்குக் கீழே மீன்கடையில் யாரோ "என்னடா அது" என்று கத்தினார்கள்.

அவர் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. மூச்சு வந்ததும் தலையைத் திருப்பினார். வாத்தியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ விழும்போது சத்தமே வராதே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது ஆம்பிளைகள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

இடது தோள் நழுவியிருந்தது. கழற்றியவரே உட்கார்ந்து மாட்டிவிட்டார், தைலமும் தடவினார். அதற்குப் பிறகு இவர் தானாகவே எழுந்துபோய்த் தேநீர் ஊற்றினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டுவதுதான் முறை. இடது கை எழும்பவில்லை. நான் போய் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு கேட்க வேண்டியதில் எனக்கும் பாதி இருந்தது. வாத்தியார் வாங்கிக் குடித்துவிட்டு, நாளைக்குக் கதை வருமா என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது ட்ராம் சந்தை தாண்டியதும் கேட்டார்.

"பன்னெண்டு வருஷத்துல ஒண்ணாவது நிஜமா?"

இன்னொரு தடவை விழ என்னால் முடிந்திருக்கும். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும்.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தார்.

மறுநாள் கதை நேரத்துக்குப் போனது. அதற்கு மறுநாளும் போனது. மொட்டைமாடியிலிருந்து என்னைக் கூப்பிடவே இல்லை. எழுதியதை நான் பத்திரிகை வாங்கித்தான் படித்தேன். ஆட்கள் பறந்தார்கள், உள்ளங்கையிலிருந்து காற்றை விட்டு மதிலை இடித்தார்கள். ஊரில் எல்லாரும் எழுதுகிற மாதிரியே இருந்தது. சைக்கிள்காரர்கூட, "அக்கா, இப்பெல்லாம் சார் சீக்கிரம் முடிச்சுடுறாரே" என்று சந்தோஷப்பட்டார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூப்பாட்டைத் திட்டித் தீர்த்தவள், மூன்று நாளாக மீனைக்கூட அடுப்பில் ஏற்றாமல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மொட்டைமாடி இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

நாலாம் நாள் நானே ஏறிப்போனேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு யாரு சாகணும்?"

"யாரும் வேணாம். நீ போய் வேலையப் பாரு."

"அதைத்தான் பாக்க வந்திருக்கேன். கதை இப்ப எங்க நிக்குது?"

"கதாநாயகன் கோட்டைக்குள்ள போகணும்" என்றார். "வாசல்ல ஒரு சமையல்காரக் கிழவி குறுக்க நிக்கிறா. தள்ளிட்டுப் போயிடுவான்."

நான் மாடிக்கதவை மறித்துக்கொண்டு, கட்டைச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மூட்டை தூக்குகிற காலத்தில் நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றேன்.

"தள்ளுங்க பாப்போம்."

"விழுவியா?"

"மாட்டேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அடிபட்ட தோளைக் காத்துக்கொண்டு ஒரு பக்கமாக முட்டினார். காலைக் கொடுத்துப் பார்த்தார். அக்குளில் கையை விட்டுத் தூக்கக்கூடப் பார்த்தார். நாலு மணிக்குக் கீழே சைக்கிள் மணி அடித்தது. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள்காரரை நிற்க வைத்துவிட்டு, நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பத்திரிகையில் ஏழு மலைகளை ஜெயித்து வந்த கதாநாயகன் ஒரு சமையல்காரக் கிழவியைத் தாண்ட முடியாமல் வாசலில் நின்றான். அடுத்த ஆறு நாளும் அங்கேயே நின்றான்.