வாய்களின் நடுவே ஒட்டிய ரோஜா

1

கதைக்கு மூலகாரணம் ஒரு பத்திரிகை ஆசிரியர். "சிறப்புக் குழந்தைங்களப் பத்தி எழுதுங்க சார், படிக்கிறவங்க கண்ணு கலங்கணும்" என்றார். உடனே ஆரம்பித்தேன்:

கள்ளங்கபடமற்ற அந்தப் பிஞ்சு முகத்தில்...

பிஞ்சுக்கு வயது இருபத்தாறு. சிறப்புப் பள்ளி வகுப்பில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவதால் 'மேஸ்திரி' என்று பெயர். வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

2

ஓவிய ஆசிரியை பழைய பத்திரிகைகளையும் கத்தரிக்கோலையும் பசையையும் கொடுத்து, வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். மற்றவர்கள் காரும் வீடும் ஒட்டினார்கள். மேஸ்திரி வாய்களை மட்டும் வெட்டினாள். பற்பசை விளம்பரச் சிரிப்பு, கொட்டாவி, அழும் குழந்தை, மைக்கைக் கடிக்கும் பேச்சாளர். அட்டை முழுக்க வாய். (இதில் குறியீடு இருப்பது எனக்கும் தெரியும். தொட மாட்டேன்.)

தலைமையாசிரியை பதறினார். "பாத்தாலே பயமா இருக்கு. நாளைக்குக் கண்காட்சி. நடுவுல ஒரு ரோஜாவ ஒட்டிருங்க."

"அவங்க செஞ்சது மேடம்" என்றாள் ஓவிய ஆசிரியை.

"அவளுக்கு ஞாபகமா இருக்கப்போவுது?"

ஆசிரியைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒட்டினாள். (முதலில் இங்கே அவள் கண்ணில் நீர் வரவழைத்தேன். பொய். ரோஜா கச்சிதமாகப் பொருந்தியதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.)

3

கண்காட்சியில் சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "பூ மாதிரி மனசு!"

மேஸ்திரி வந்தாள். ரோஜாவின் மேல் விரலை வைத்தாள். "யாரு?"

"நீதாம்மா ஒட்டின, மறந்துட்டியா?" தலைமையாசிரியை சிரித்தார்.

"நான் இல்ல." திரும்பினாள். "டீச்சர், யாரு?"

4

ஆசிரியை உண்மையை ஒப்புக்கொள்ள, அரங்கமே கைதட்டியது...

மேஸ்திரி அவளை மன்னித்துக் கட்டியணை... (யாராவது கட்டியணைத்தால் கடித்துவிடுவாள்.)

நடந்தது இதுதான். "நான்தான்" என்றாள் ஆசிரியை. யாரும் கைதட்டவில்லை. விருந்தினருக்குத் திடீரென்று டீ நினைவுக்கு வந்தது.

"எடு" என்றாள் மேஸ்திரி.

ஆசிரியை நகத்தால் உரித்தாள். ரோஜாவோடு அடியிலிருந்த வாய்களும் கிழிந்து வந்தன. நடுவில் வெள்ளை அட்டை பல்லிளித்தது. மேஸ்திரி ஒரு கட்டுப் பத்திரிகையையும் கத்தரிக்கோலையும் அவள் கையில் திணித்தாள். "தேடு."

ஆசிரியை தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள். ஒவ்வொரு வாயையும் காட்டுகிறாள்.

"வேணாம்."

இன்னொன்று.

"வேணாம்."

தலைமையாசிரியை தன் அறைக்கு உடனே வரும்படி ஆள் அனுப்பியிருக்கிறார். எழுந்து போவதா, அடுத்த பக்கத்தைப் புரட்டுவதா? நீங்களே முடிவு செய்யுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். மேஸ்திரி காதில் விழுந்தால் உங்கள் கையிலும் ஒரு கத்தரிக்கோலைத் திணித்துவிடுவாள்.