பரவாயில்லை என்றொரு பட்டப்பெயர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைப்பதற்கு எதிராக நகரம் முழுக்கச் சுவரொட்டி, பேருந்து விளம்பரம், வானொலி என்று ஒரு பெரிய பிரசாரம் எங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தது. வாசகம் எழுத வேண்டியவள் நான். மூன்று வாரமாகியும் ஒரு வரி தேறவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா, ‘துன்புறுத்தல் தவிர்ப்போம், தோழமை வளர்ப்போம்’ என்று தாமே ஒன்றை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இதை ஒட்டினால் இதன் மேலேயே பிள்ளைகள் மீசை வரைந்துவிட்டுப் போவார்கள் என்று நான் சொல்ல, மேசைக்கு அடியில் எங்கள் மேலாளர் என் காலை மிதித்தார்.

சிக்கல் சொல்லில்தான் இருந்தது. பகடிவதை என்றால் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம்போல இருக்கும். கேலி, கிண்டல் என்றாலோ யாருக்கும் உறைக்காது. வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்று போய்விடுவார்கள். ஆகவே பிள்ளைகளிடமே கேட்டுவிடலாம் என்றேன். ஆறு பள்ளிகளில் பூட்டுப் போட்ட பெட்டி வைத்தோம். ‘உனக்கு மிகவும் வலித்த சொல் எது? பெயர் போட வேண்டாம்’ என்று பெட்டியின் மேல் எழுதியவளும் நானே. அந்த ஆறில் ஒன்று, என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பள்ளி.

ஒரு மாதம் கழித்துச் சீட்டுகள் வந்து சேர்ந்த அன்று கூட்ட அறையில் உட்கார்ந்து பிரித்தோம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருக்கும் அறை அது. எங்கள் டிசைனர் ஒவ்வொன்றாக வாசித்தார். அவருக்கு எதை வாசித்தாலும் ஒரே குரல்தான், ரயில் நிலைய அறிவிப்புபோல. உடம்பைச் சொல்வது ஒரு குவியல், நிறத்தைச் சொல்வது ஒரு குவியல், அப்பா அம்மாவின் வேலையைச் சொல்வது ஒரு குவியல் என்று வைத்துக்கொண்டே போனோம். அரைமணி நேரத்தில் யாருக்கும் காபி இறங்கவில்லை.

எந்தக் குவியலிலும் சேராத ஒரு சீட்டு வந்தது. எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. டிசைனர் அதே குரலில் வாசித்தார்.

‘என் பட்டப்பெயர் பரவாயில்லை. என் பையைத் தண்ணீரில் போடுவார்கள். என் நாற்காலியை எடுத்துவிடுவார்கள். உடனே, பரவாயில்லை என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.’

முதல்முறையாக அவர் குரல் கடைசியில் கம்மியது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

ஐந்து மாதத்துக்கு முன் அறிவியல் செய்முறை ஒன்றுக்காக என் மகள் வகுப்புத் தோழி ஒருத்தியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மெலிந்த, உயரமான பெண். தண்ணீர் வேண்டுமா என்றேன், பரவாயில்லை ஆன்ட்டி என்றாள். மின்விசிறி போடட்டுமா, பரவாயில்லை ஆன்ட்டி. அந்த நாற்காலியின் கால் ஆடும், இங்கே உட்காரும்மா, பரவாயில்லை ஆன்ட்டி. இரண்டு மணி நேரம் ஆடும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனாள். அவள் பின்னால் கதவைச் சாத்தியதுதான் தாமதம், என் வாய் சும்மா இருக்கவில்லை. “மிஸ் பரவாயில்லை கெளம்பியாச்சா?” என்றேன். என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. ஆள் சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, வீடு தீப்பிடித்து எரிகிறது ஓடும்மா என்று நானே சொல்லி, பரவாயில்லை ஆன்ட்டி என்று அவள் குரலில் நானே பதிலும் சொல்லிக் காட்டினேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். பிள்ளையைச் சிரிக்கவைத்துவிட்டோம் என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

“இதுதான்மா நம்ம வரி,” என்றார் மேலாளர். “இந்த ஒத்தைச் சொல்லு போதும். தட்டிக் கொட்டிக் கொடு.”

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காகிதத்தை இழுத்து, ‘பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை’ என்று எழுதினேன். நல்ல வரி. சொல்லப்போனால் ஒரு வரி அமைந்துவிட்டால் வருகிற அந்தப் பாழாய்ப்போன சந்தோஷம் அப்போதும் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வாசகத்தை எல்லாரிடமும் ஒரே ஒருமுறை சொல்வோம். சாயங்காலம் போய், காலையில் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்போம். நினைவிருந்தால் தேறியது. அன்று கணக்குப் பிரிவிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் ஒருவர்கூட மறக்கவில்லை. மேலாளர் என் தோளில் தட்டினார். வீட்டில் ஒரே ஒருமுறை சொன்னது ஐந்து மாதமாக ஒரு பள்ளிக்கூடத்தில் மறக்காமல் இருந்திருக்கிறது, இதைவிட என்ன தேர்வு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வகுப்பில் அந்தப் பெண்ணை என்னவென்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். நகத்தைப் பார்த்தபடி, எல்லாரும் கூப்பிடுவதுதான் என்றாள். யார் ஆரம்பித்தது என்றதும் நகத்தைக் கடிக்கத் தொடங்கினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் வளர்ந்த லட்சணத்தைப் பற்றி, மனிதத்தன்மையைப் பற்றி, பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“நீ சொன்னப்ப நாம எல்லாரும் சிரிச்சோம்லமா. நான் அதையேதான் அங்க போய்ச் சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்குத்தான் அந்தக் கேங்குல இடம் கெடைச்சுது.”

அவள் அழ ஆரம்பித்தாள். பையைத் தண்ணீரில் போட்டது தான் இல்லை என்றும், போட்டபோது பக்கத்தில் நின்றது உண்மை என்றும் சொன்னாள். இரண்டு வாரமாக அந்தப் பெண் பள்ளிக்கு வருவதில்லையாம். ஆசிரியை கேட்டபோது வகுப்பே சேர்ந்து, பரவாயில்லை மிஸ், என்றதாம். அதற்கும் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை மேலாளரிடம் போய் இந்த வரி வேண்டாம் என்றேன். என்ன கிறுக்கா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் தொழில் பேசிற்று. பெயரும் முகமும் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். ஆறு பள்ளிகளின் வாசலிலும் ஒட்டப்போகிறோம், அவள் வகுப்புக்குத் தெரியாதா என்றேன். அதிகாரியம்மா ஒப்புதல் கொடுத்துவிட்டதையும் அச்சகத்தில் இடம் பிடித்துவிட்டதையும் எடுத்துச் சொன்னார். கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது.

“அந்தப் பொண்ணுகிட்டயே நேர்ல போய்க் கேட்டுரு. ஒரு நல்ல காரியத்துக்குத்தானே. அவ சரின்னா நமக்கு என்ன பயம்?”

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. படியில் பாதி இறங்கியபின்தான் எனக்குச் சுருக்கென்றது. அவளிடம் போய், இந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளட்டுமாம்மா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியாதா? எதற்குமே மறுப்புச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் அனுமதி கேட்பது அனுமதியே இல்லை. மேலே திரும்பி ஏறினேன். கேட்க முடியாது, என் கையால் எழுதியதை என் கையாலேயே எடுக்கிறேன், வேண்டுமானால் என்னையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், அதிகாரியம்மாவின் வரியை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி டிசைனருக்குப் போன் போட்டார். தோழமை வளர்ப்போம் என்றே ஊரெல்லாம் ஒட்டட்டும். மீசை வரைகிறவர்கள் வரையட்டும்.

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் வாக்கியம் அமைத்தபடி வந்தேன். மூன்று அழகான வாக்கியங்கள் அமைந்தன. அழகாக இருந்ததாலேயே மூன்றையும் தூக்கிப்போட்டேன்.

மாடிப்படிக்குப் பின்னால் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. அவளுடைய அம்மா சோபா உறை தைப்பவர். கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். என் மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வாம்மா வா என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். உறைத் துணிகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் பண்ணினார். இரண்டு வாரமாகப் பெண்ணுக்கு வயிற்றுவலி, டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை என்று அவரே சொன்னார். சத்தம் கேட்டு அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். முன்பைவிட இளைத்திருந்தாள்.

“வயித்துவலி இல்லைங்க,” என்றேன். “ஸ்கூல்ல இவளை ஒரு பேர் சொல்லிக் கூப்புட்டு வதைக்கிறாங்க. அந்தப் பேரை வச்சது நான்.”

“கிளாஸ்ல போய்ச் சொன்னது நான்,” என்றாள் என் மகள். அவள் குரல் வெளியே வரவே இல்லை. இன்னொரு முறை சொன்னாள்.

அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. என்ன பேர், என்ன பேர் என்று எங்களையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். அந்தப் பெயரை அவர் எதிரில் இன்னொரு முறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கேவா?” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“நான் உங்க வீட்டுக்கு வந்தேனே. அன்னைக்கேவா ஆன்ட்டி?”

அப்புறம் ஒருநாள், ஏதோ பேச்சுவாக்கில் என்று மழுப்பியிருக்கலாம். சொல்லை வைத்துப் பிழைப்பவள் நான். எதையும் பூசி மெழுகத் தெரியும்.

“ஆமாம்மா. நீ லிஃப்டுல எறங்கிட்டு இருக்கும்போதே.”

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். என் மகள் எழுந்து அந்தக் கதவு வரைக்கும் போய், தட்டத் துணிச்சலில்லாமல் நின்றாள்.

அவளுடைய அம்மா கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்து, பிரித்து, மறுபடியும் சுருட்டினார்.

“ஸ்கூலுக்குத்தான் போக மாட்டேன்னா,” என்றார், என்னைப் பார்க்காமல். “உங்க வீட்டுக்கு இன்னொரு தடவை கூட்டிட்டுப் போம்மான்னு இந்த வாரம்கூடக் கேட்டா.”