கடைசிக் குழியின் கொடி

என் மனிசன் சூசைப்பிள்ளை ஒரு வாயில்லாப்பூச்சி. அடித்தாலும் ‘கிராட்சியே’ என்று நன்றி சொல்லிவிட்டுப் போகிற ஆள். அந்த வாயையும் சேர்த்துத்தான் மாதா எனக்குத் தந்திருக்கிறா.

இத்தாலியில், பலேர்மோ நகரத்துக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் அவருக்குப் புல் வெட்டுகிற வேலை. அங்கே வருடாவருடம் பெரிய போட்டி நடக்கும். 2012இல் கடைசி நாளன்று, முன்னணியில் நின்ற ஆட்டக்காரனின் பையைச் சுமந்தவன் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டான். பையை இவர் தூக்கினார். ஆட்டக்காரன் வென்றான். வென்றவனின் பையைச் சுமந்தவருக்குக் கடைசிக் குழியில் நட்ட கொடி சொந்தம். அந்த விளையாட்டில் அது வழக்கம். மஞ்சள் கொடியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வன்னியிலிருந்து நாங்கள் ஒரு படம்கூடக் கொண்டுவரவில்லை. எங்கள் சுவரில் தொங்கியது அது ஒன்றுதான்.

மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, நாலு வருடம் கழித்து அந்தப் போட்டியின் வரலாற்றைக் நகரத்துக்குள் கால்சாப் பகுதியில் ஒரு மாளிகையில் கண்காட்சியாக வைத்தாள். கொடியை இரவல் கேட்டாள். கீழே இவருடைய பெயர் போடுவதாக வாக்கும் தந்தாள். இந்த மனிசனுக்குச் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை. வியா மக்வேதா கடைத்தெருவுக்குப் போய்க் கோட்டு வாங்கினார்.

“பேர் போடுவினமாம், அகஸ்ரீனா.” கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்பத் திரும்ப இதே கதைதான்.

முதல் நாளே போனோம். பழைய போட்டிகளின் மங்கிய படங்கள், கிண்ணங்கள், கையுறைகள். ஒரு ஆட்டக்காரனின் நாய்க்குக்கூடப் படமும் பெயரும் இருந்தன. எங்கள் கொடி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கீழே அட்டை: ‘வெற்றி வீரரின் அன்பளிப்பு.’ பக்கத்தில் அவனுடைய படம். அவன் கை யாரோ ஒருவரின் தோளில் கிடந்தது. தோள் மட்டும்தான். மிச்ச மனிதனை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விடப்பா, ஆக்கள் பாக்கினம்,” என்றார் இவர்.

“பாக்கட்டும்! பாக்கத்தானே வச்சிருக்கினம்!”

சிஞ்ஞோரா ஓடி வந்தாள். பெயர் நீளமாம், அட்டைக்குள் அடங்கவில்லையாம்.

“நாயின்ரை பேர் அடங்கினது, என்ரை மனிசன்ரை பேர் அடங்கேல்லையோ?” தமிழிலேயே கத்தினேன். பிறகு இத்தாலியனிலும் சொன்னேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, திங்கட்கிழமை வேலைக்கு வருகிற எண்ணம் இல்லையா என்று கேட்டாள். அடிப்பாவி! அவளுடைய தாய்க்குப் பீ மூத்திரம் அள்ளிய கை இது. அதே கையால் சட்டத்தைக் கழற்றினேன்.

காவலாளி வருவதற்குள் இவர் வந்து சட்டத்தை என் கையிலிருந்து வாங்கினார். மாட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“திருப்பி மாட்டினியளெண்டா நான் வீட்டை வரமாட்டன், சொல்லிப்போட்டன்!”

அவர் சட்டத்தை மேசையில் கவிழ்த்து, பின்பக்கப் பலகையை மெல்லக் கழற்றினார். கொடியை எடுத்து மடித்துப் புதுக் கோட்டுக்குள் வைத்தார். வெறும் சட்டத்தைக் கைலேஞ்சியால் துடைத்து, பழைய ஆணியிலேயே நேராக மாட்டினார்.

“சட்டம் உங்களுடையது, சிஞ்ஞோரா,” என்றார் இத்தாலியனில். “கொடி என்னுடையது. என் பெயர் சூசைப்பிள்ளை.”

கிராட்சியே சொல்லவில்லை.