பன்னிரண்டு பேர் காரணம் சொல்ல மாட்டார்கள்

மின்னசோட்டாவின் எங்கள் சிற்றூரில் ஆர்லிஸ் குவாமேயைத் தெரியாத வீடு கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர். நானும் அதில் போனவன்தான். ஒரு மார்ச் காலை, தாழ்ந்த வெயில் கண்ணில் அடிக்க, பால் பண்ணை வேலைக்கு சைக்கிளில் போன எலியாசர் என்பவர் மீது ஆர்லிஸின் பேருந்து மோதியது. எலியாசர் இறந்துபோனார். கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ஆர்லிஸ் மேல் வழக்கு. நிரூபணமானால் சிறை. நான் அவருடைய வக்கீல்.

"ஜூரியே கேப்போம்," என்றேன். "ஊர்க்காரங்க பன்னிரண்டு பேர்தான் தீர்ப்பு சொல்லுவாங்க. அதுல யாரு உங்களுக்கு எதிரா கை தூக்கப் போறாங்க? ஜூரி வேணாம்னா ராட்கே தனியா தீர்ப்பு சொல்லுவாரு, யாருக்கும் இரங்காத ஜட்ஜ்."

"அதனாலதான் அவர் வேணும்ங்கறேன்."

"ஜெயிலுக்குப் போக அவ்வளவு ஆசையா?"

"மக்கு மாதிரிப் பேசாத, கர்ட். நீ நாலாங்கிளாஸ்லயே இப்படித்தான். பஸ் நிக்கறதுக்குள்ள எழுந்து நிப்ப." காபியை ஆற விட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை ஓரமாகத் தள்ளினார். "ஜூரி என்ன சொல்லும்?"

"குற்றமில்லன்னு."

"ஏன்னு சொல்லுமா?"

"சொல்லாது. சொல்லணும்னு அவசியமில்ல."

"ஜட்ஜ்?"

"எழுதியாகணும். என்ன நடந்தது, யார் மேல தப்பு, ஏன், எல்லாம்."

"எலியாசர் குவாத்தமாலாவுலேர்ந்து வந்தவரு. அவரு சம்சாரம் ஒத்திலியா ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு வந்து உக்காருது. ஊரே சேந்து என்னைக் காப்பாத்திடுச்சுன்னு மட்டும் அது தெரிஞ்சுக்கிட்டுப் போகணுமா? என் மேல பாசமே இல்லாத ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. வழக்கை ஜெயிப்பது ஒன்றையே இத்தனை வருடம் கேள்வியாக வைத்திருந்தேன்.

ஜூரி உரிமையைக் கைவிடுவதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ராட்கே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வக்கீல் வற்புறுத்தினாரு. ஆனா ஜூரி கேளுங்கன்னு."

ராட்கே சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

விசாரணை முடிந்து ஒரு வாரத்தில் தீர்ப்பை வாசித்தார். எலியாசர் சாலையோரத்தில், தான் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தார். அவர் மீது எள்ளளவும் தவறில்லை. பேருந்தின் பின்னால் இருந்த பிள்ளைகளைக் கவனிக்க ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தது கடமை. அந்த வெயிலில் வேகத்தைக் குறைக்காதது தவறு. ஆனால் சட்டம் சொல்லும் கடும் கவனக்குறைவு அதுவல்ல. ஆகவே விடுதலை.

நான் சட்டென எழுந்தேன். ஆர்லிஸ் அசையவில்லை. பின்வரிசையில் மொழிபெயர்ப்பாளர் இன்னும் ஒத்திலியாவின் காதருகே குனிந்திருந்தார். தீர்ப்பின் எந்த வரியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. ஒத்திலியா அவரை நிறுத்தி ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு கண்களை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார்.

"உக்காரு, கர்ட்," என்றார் ஆர்லிஸ், திரும்பாமலே. "ஒத்திலியாவுக்கு இன்னும் சொல்லி முடியல."

உட்கார்ந்தேன்.