எட்டு மணிக்கு வரவேண்டிய அழைப்பு

டவுன்டவுனில் முப்பத்தேழாம் மாடியில் இருக்கும் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் பங்காளியான மூத்த வக்கீல் அம்மாளின் காது புளிக்கத் தமிழில் ஏசி, போனையும் வெட்டி, அடுத்த கால் மணித்தியாலத்துக்குள் அதே அம்மாளிடம் வேலையும் பெற்ற பிள்ளை இந்தப் பூமியில் ஒருத்திதான். பெயர் ஷெரோன். இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், படி ஏறி ஏறி முழங்கால் தேய்கிற ஒரு மூன்றாம் மாடி வீட்டில். நம்ப மாட்டீர்கள். அவளுடைய சொந்த மாமாவே நம்பவில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சட்டம் படித்து முடித்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி செய்ய வேண்டும். அதற்கு ஸ்டாஜ் என்று பெயர். அது கிடைக்காதவர் சட்டம் படித்தவராகவே இருந்து நரைக்க வேண்டியதுதான்.

ஷெரோன் நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டாள். நாற்பத்தொரு கடிதம். ஒவ்வொன்றிலும், சின்ன வயதிலிருந்தே உங்கள் நிறுவனத்தில் சேர்வதுதான் என் கனவு என்று எழுதியிருந்தாள். தொட்டிலில் கிடந்துகொண்டே நாற்பத்தொரு சட்ட நிறுவனங்களைக் கனவு கண்ட குழந்தை உலக சரித்திரத்தில் வேறு இல்லை. பதிலாக வந்த மின்னஞ்சல்கள் முப்பத்தெட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 'உங்கள் கோப்பின் தரம் மிக உயர்ந்தது, எனினும்…' அந்த 'எனினும்' என்ற சொல்லோடு அவள் வாசிப்பதை நிறுத்தப் பழகிக்கொண்டாள்.

இதற்கு நடுவில் நிறுவனங்கள் வைக்கும் மாலை விருந்துகள். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் குச்சியில் குத்திய இறால், வருகிறவர்களுக்குக் கை கொடுக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும். கடவுள் அதை மற்ற மாணவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். "பாய்மரப் படகு ஓட்டுவீர்களா?" என்று ஒரு வக்கீல் கேட்டார். "எங்கள் குடும்பத்தில் கடைசியாகப் படகில் போனவர் என் அப்பா, அவர் விரும்பிப் போகவில்லை" என்றாள். அந்த நிறுவனத்தின் 'எனினும்' மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தது.

மிஞ்சியது மூன்று நேர்முகம். இரண்டு போய்விட்டன. கடைசி, அந்த முப்பத்தேழாம் மாடி. அங்கே மேத்ர் லாஷப்பெல் (வக்கீல்களை அங்கே மேத்ர் என்றுதான் கூப்பிட வேண்டும்) என்ற பங்காளி அம்மாள் முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் ஐம்பது நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு, முடிவில் இப்படிச் சொன்னார்: "தெரிவானால் செவ்வாய் காலை எட்டு மணியிலிருந்து அழைப்போம். எட்டரைக்குள் ஆள் கிடைக்காவிட்டால், பட்டியலில் அடுத்த பெயர்."

ஷெரோன் வீட்டுக்கு வந்து ஒரேயொரு பிழை செய்தாள். அதை அப்பாவுக்குச் சொன்னாள்.

அப்பா யோசெப், பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அவரிடம் இருப்பதெல்லாம் நேரமும் வாயும். ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுக்கும் நேரத்தில் அவர் கதிரையில் ஏறி நிற்காத குறை.

"செவ்வாய் காலமை எட்டு மணிக்குப் பிள்ளைக்குக் கோல் வரும். எல்லாரும் செபியுங்கோ!"

செபித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு நல்லது கெட்டது வருகிற நேரம் தெரிந்திருந்தும் போன் எடுத்து விசாரிக்காதவர் மனிதரே அல்லர். "ஒரு சொல்லு எடுத்தும் கேக்கேல்லை" என்ற குற்றச்சாட்டு அடுத்த மூன்று கலியாணத்துக்கும் நின்று பேசும்.

செவ்வாய்க்கிழமை. ஏழு ஐம்பத்தைந்துக்கே ஷெரோன் சமையலறை மேசையில் போனை வைத்து, அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எட்டு அடித்தது. போனும் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"பிள்ளை, வந்திட்டுதோ?"

அது மாமி. அவர் பெயரே யோசெப்பின்; அப்பா யோசெப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். "இல்லை மாமி, வையுங்கோ" என்று வைப்பதற்குள் அடுத்தது. பாடகர் குழுவிலிருந்து ஒருவர். பிறகு பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு குடும்பம், டொரொன்டோவிலிருந்து மூன்று, மன்னாரிலிருந்து ஒன்று. நோர்வேயிலிருந்து எடுத்தவரை அவளுக்கு யாரென்றே தெரியாது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, "வந்திட்டுதோ?" கனடாவிலுள்ள அத்தனை தொலைபேசிக் கம்பங்களும் அன்று காலை கொஞ்சம் சாய்ந்து நின்றன.

எடுக்காமல் விடவும் முடியவில்லை. நிறுவனம் எந்த இலக்கத்திலிருந்து அழைக்கும் என்று யாருக்குத் தெரியும்? குரல் பெட்டியில் செய்தி விழுந்திருக்குமோ என்று பார்த்தாள். பெட்டி நிரம்பி வழிந்தது. முந்தின நாளே யோசெப்பின் மாமி செபமாலையின் ஐந்து காரணிக்கத்தையும் முழுதாகச் சொல்லிப் பதிந்து வைத்திருந்தார்.

"அப்பா, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" அவளுக்குக் கண் கலங்கியது. "நாலு வருசப் படிப்பு. நாப்பத்தொரு கடிதம். கடைசியிலை லைன் கிடைக்காமல் போகப்போகுது."

யோசெப் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பிறந்த நாளிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

எட்டு பன்னிரண்டு. மறுபடியும் போன். ஜெராட் மாமா, அம்மாவின் தம்பி, முதலில் எடுத்த யோசெப்பின் மாமியின் கணவர். கணக்காளர். கண்ணால் கண்டதையே இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள். அன்று அவர் எடுத்தது மூன்றாவது தடவை.

"நீ சொல்லுற மாதிரி ஒரு கோல் வருமெண்டு எனக்கு நம்பிக்கை இல்லை பிள்ளை. அவை வடிவாச் சொன்னவையோ? எழுத்திலை தந்தவையோ?"

அந்த நேரம் பார்த்து இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஷெரோனின் விரல் திரையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் அமத்தியது. எது என்ன செய்தது என்று தெரியாது. கடைசியில் வாய்தான் திறந்தது.

"மாமா! வரேல்லை! நீங்கள் விட்டால்தானே வரும்! மூண்டு தரம் எடுத்திட்டியள். உங்களுக்கு அலுவல் ஒண்டும் இல்லையோ? இனி ஒருக்கா எடுத்தியளெண்டால் மீஸான் தெமேர் அனுப்புவன்! ஓம், வக்கீல் கடிதம்! முதலாவது தொந்தரவு, ரெண்டாவது மன உளைச்சல், மூண்டாவது என்ரை எதிர்காலத்தை நாசமாக்கினது! பத்து நாள் தவணை! பேந்து கோட்டிலை சந்திப்பம்! மாமியையும் சேர்த்து இழுப்பன்!"

சொல்லிக்கொண்டே போனாள். நாற்பத்தொரு கடிதத்தின் கோபமும் ஜெராட் மாமாவின் தலையில் கொட்டியது. மூச்சு எடுக்க நின்றபோது போனில் ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது.

"அலோ? மத்மொசெல்?"

ஷெரோன் போனை வெட்டினாள். திரையைப் பார்த்தாள். இரண்டு அழைப்பும் ஒன்றாக இணைந்து கிடந்திருக்கின்றன. இரண்டாவது இலக்கத்துக்கு மேல் அந்த முப்பத்தேழாம் மாடி நிறுவனத்தின் பெயர்.

திரும்ப எடுத்தாள். ஒரு இயந்திரம் பிரெஞ்சில் வரவேற்று, ஆங்கிலத்தில் வரவேற்று, பிறகு பியானோ வாசித்தது. எட்டு பதினேழு. மெத்ரோவில் ஓடினாலும் அரை மணித்தியாலம்.

"முடிஞ்சுது அப்பா."

யோசெப் தன்னுடைய பழைய மடிப்புப் போனைத் திறந்தார். கோயில் பங்கு மக்களில் ஒருவர் கண்ணை மூடினால், உடம்பு குளிருமுன் ஊரெல்லாம் செய்தி போய்ச் சேரும். ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐவரும் ஐவைந்து பேருக்கு. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி யோசெப்பின் மாமி.

"யோசெப்பின், கதைக்க நேரமில்லை. பிள்ளையின்ரை கந்தோர் கட்டடத்திலை எங்கடை ஆக்கள் ஆர் வேலை? முப்பத்தேழாம் மாடி. எட்டரைக்கு முதல் வேணும்."

ஆறே நிமிடம். சமையலறைச் சுவர் அதிர அப்பாவின் போன் அலறியது.

"நான் அருமைராசா. மீற்றிங் அறையளுக்குக் கோப்பி வைக்கிறனான். செத்தது ஆர்?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை!" ஷெரோன் போனைப் பறித்தாள். "மேத்ர் லாஷப்பெல்லைத் தெரியுமோ?"

"கட்டை முடி, பால் இல்லாத கோப்பி. இந்தா, கண்ணாடி அறைக்குள்ளை பட்டியல் ஒண்டோடை நிக்கிறா. கையிலை பேனை."

"அண்ணை, அந்தப் பேனை என்ரை பேரை வெட்டமுதல் உங்கடை போனை அவவிட்டைக் குடுங்கோ!"

"நான் கோப்பி வைக்கிற ஆள் பிள்ளை. உள்ளுக்கு மீற்றிங் நடக்குது…"

"அண்ணை!"

அருமைராசா முருக பக்தர், இவர்கள் கோயில் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். ஆனாலும் போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தட்டில் கோப்பைகள் கிலுங்கின. "பார்தோன் மதாம்" என்றார். பிறகு போன் கை மாறும் சரசரப்பு. ஷெரோனுக்கு அந்த நேரத்துக்குள் தன் நாற்பத்தொரு கடிதமும் திரும்ப எழுதி முடிக்கலாம் போலிருந்தது.

"நீங்கள்தானா?" மேத்ர் லாஷப்பெல்லின் குரலிலும் ஒரு சுருக்கமும் மாறவில்லை. "சற்று முன் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்? மீஸான் தெமேர் என்ற சொல் மட்டும்தான் எனக்கு விளங்கியது."

"என் மாமாவோடு, மேத்ர். மன்னிக்க வேண்டும். அவர் லைனை விடவில்லை."

"தவணை கொடுத்தீர்களா?"

"பத்து நாள்."

"பிறகு அழைத்தாரா?"

ஷெரோன் மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்தாள். "இல்லை, மேத்ர். முற்றாக நிறுத்திவிட்டார்."

"எங்களிடம் இருபது வருடம் இருப்பவர்களின் கடிதத்துக்கே இந்தப் பலன் கிடைப்பதில்லை." அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தார். "எட்டு இருபத்தெட்டு. ஸ்டாஜ் உங்களுக்கு. ஏற்கிறீர்களா?"

ஏற்றுக்கொண்டாள். கோப்பி வைப்பவரின் போனில்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் யோசெப் கதையைத் தொடங்கினார். அவர் வாயில் ஒரு நிமிட ஏச்சு நாலரை நிமிடமாகி, தேநீர் ஆறுவதற்குள் ஒன்பதாகியது. கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"அத்தான் வழமை போல அளக்கிறார்" என்றார் ஜெராட், ரோல்ஸைக் கடித்துக்கொண்டு. "பங்காளியை ஏசினவளுக்கு ஆர் வேலை குடுப்பினம்? அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப லைன் கிடைக்காமல் போனது பொய்யோ?" என்றார் ஒருவர். "முதல் கோல் எடுத்தது யோசெப்பின் அக்காதானே. குரல் பெட்டியை நிரப்பினதும் அவதான். வேலை போயிருந்தால் அந்தப் பழி அவவுக்குத்தான்."

சிரிப்பு யோசெப்பின் மாமியின் பக்கம் திரும்பியது. செபமாலை அக்கா என்றார்கள். பிள்ளையின் எதிர்காலத்தில் செபம் சொன்னவர் என்றார்கள். மாமி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்" என்றார். கண்ணைத் துடைக்கக் கைப்பைக்குள் லேஞ்சியைத் தேடினார்.

ஷெரோன் மாமாவைப் பார்த்தாள். ஜெராட் கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். அவர் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு எழுந்து நின்றார்.

"அவளை விடுங்கோ" என்றார். "அவள் ஒருக்காத்தான் எடுத்தவள். மூண்டு தரம் எடுத்தது நான். ஏச்சு முழுக்க எனக்குத்தான் விழுந்தது. அந்த மனுசி 'அலோ' எண்டதும் என்ரை காதிலை கேட்டது." லேஞ்சியால் வாயைத் துடைத்தார். "அத்தான் சொன்னது சரி. நடந்தது."