கிளாவர் ஏழில் போன மாப்பிள்ளை

லிஃப்ட் மெக்கானிக் தன் தங்கையின் கணவரைக் காணாமல் போகச் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. அவர் சீட்டு வித்தை கற்றுக்கொள்ள ஆரம்பித்து அன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. புத்தகத்தில் நாலாவது பாடம் வரைக்கும் வந்திருந்தார். மொத்தம் ஒன்பது பாடங்கள்.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் இரும்பு வடத்தையும் கிரீஸையும் பிடித்த கை. முந்தின வருடம் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் வலது கை விரல்கள் கதவிடுக்கில் சிக்கின. கட்டுப் பிரித்த பிறகு அவை மடங்க மறுத்தன. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் அமுக்கச் சொன்னார். பந்து இரண்டே நாளில் சலித்துப்போனது. பஸ் நிலையத்துக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த சீட்டு வித்தைப் புத்தகத்தையும், முதுகில் சிவப்புப் பூப் போட்ட ஒரு சீட்டுக்கட்டையும் வாங்கி வந்தார். முதல் ஒரு மாதம் சீட்டுகள் அவர் கையில் நின்றதைவிடத் தரையில் கிடந்ததுதான் அதிகம். ஃபிரிட்ஜுக்கு அடியில், செருப்புக்குள், ஒரு தடவை பால் பாத்திரத்துக்குள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, வீட்டைப் பெருக்கினால் குப்பையோடு ராஜா ராணியெல்லாம் வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.

மாப்பிள்ளை ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பத்தொன்பது வருடம் அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்பு கண்டுபிடித்தே சாப்பிட்டவர், காரை விட்டு இறங்கின பிறகும் அதை நிறுத்தத் தெரியாதவர். யாராவது தப்பாக ஒன்றைச் செய்தால், அது வெங்காயம் நறுக்குவதாக இருந்தாலும் சரி, அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வித்தை காட்ட உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கால் ஓயவில்லை.

“மச்சான், உங்க கையில சீட்டும் ஒண்ணு, கடப்பாரையால பல்லு குத்தறதும் ஒண்ணு” என்றார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் காது சிவக்க, ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார். வந்தது கிளாவர் ஏழு. அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் மாப்பிள்ளை தன் கையெழுத்தைப் போட்டார், டிரைவிங் ஸ்கூல் சான்றிதழில் போடுகிற அதே முழுக் கையெழுத்து. சீட்டைக் கட்டுக்குள் செருகி, மேலே கொண்டுவந்து, வலது உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு, கட்டில் அது இல்லை என்று விரித்துக் காட்ட வேண்டும். நாலாவது பாடம் அவ்வளவுதான். மெக்கானிக் கையை மூடினார். கட்டை விரித்தார். கிளாவர் ஏழு அதில் இல்லை. எதிர் நாற்காலியில் மாப்பிள்ளையும் இல்லை. அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மேசை மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது.

முதலில் கை தட்டியது தங்கைதான். இரண்டு பேரும் சேர்ந்து ஏற்பாடு செய்த வேடிக்கை என்று சொல்லி, திரைக்குப் பின்னாலும் குளியலறையிலும் தேடி, “போதும் வாங்க, டீ ஆறுது” என்று கூப்பிட்டாள். மெக்கானிக் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒளித்த சீட்டு உள்ளங்கையிலேயே இருக்க வேண்டும். அவர் மெல்லக் கையைத் திருப்பிப் பார்த்தார். கிரீஸ் போகாத ரேகைகள்தான் இருந்தன.

புகார் கொடுத்ததும் இன்ஸ்பெக்டர் வந்து, அதையே இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னார். மெக்கானிக், யார் மேல் செய்துகாட்டுவது என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார்.

போனதை வரவழைப்பது ஒன்பதாவது பாடத்தில் இருந்தது. முந்தைய எட்டும் கைக்குப் பழகாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்று அதன் தலையில் அச்சடித்திருந்தது. வீட்டில் ஒரு பெண் புருஷனைக் காணாமல் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? திங்கட்கிழமையே மெக்கானிக் அதை முயன்றார். கட்டின் நடுவிலிருந்து சீட்டு எழும்பி வர வேண்டிய இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் வந்தது. நீல நூல் அதில் தொங்கியது. மாப்பிள்ளை போட்டிருந்தது நீலச் சட்டை. செவ்வாய்க்கிழமை இடது கால் செருப்பு வந்தது. தங்கைக்கு முகத்தில் உயிர் வந்துவிட்டது. “வர்றாரு அண்ணா, கொஞ்சம் கொஞ்சமா வர்றாரு, விடாத” என்றாள். புதன்கிழமை ஒரு கொத்துத் தலைமுடி. வியாழக்கிழமை ஒரு கடைவாய்ப் பல் மேசையில் விழுந்து இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மனைவி அதைக் கைக்குட்டையில் எடுத்துப் பார்த்தாள். வேரோடு இருந்தது. ஈரமாக, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த தடவை என்ன வரும் என்பதுதான் மூன்று பேர் மனதிலும் இருந்தது.

“அண்ணா, கட்டைக் கீழ வை” என்றாள் தங்கை. “மெதுவா வை. ஒரு சீட்டு கூட கீழ விழக்கூடாது.”

சிவப்புக் கட்டைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவியைத் தங்கை தன் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள். மனைவி புத்தகம் போட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரு மாதம் கழித்துத் தபால் அட்டையில் பதில் வந்தது: புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு, வேறு கட்டில் பழகவும், அவசரம் கூடாது. மெக்கானிக் முதுகில் நீலப் பூப் போட்ட ஒரு கட்டை வாங்கி வந்து ஒன்றாம் பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

இதற்கிடையில் டிரைவிங் ஸ்கூல்காரர் நேரில் வந்து ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த வெள்ளைக் காரில், சொல்லிக்கொடுப்பவருக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக், ஆள் இல்லாமலே வேலை செய்கிறது. கற்றுக்கொள்பவர் சிக்னலைக் கவனிக்காவிட்டால் அது தானாக உள்ளே போகிறது. “அதனால வேற ஆள் போடலம்மா. சார் டியூட்டிக்கு வந்துக்கிட்டுதான் இருக்காரு” என்றார். தங்கை ஒரு நாள் போய் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்து, சாப்பிட்டீங்களா, பல்லு வலிக்குதா, எப்ப வருவீங்க என்று மூன்று கேள்வி கேட்டாள். ஒன்றும் அசையவில்லை. வண்டி கிளம்பி, ஓட்டிய பெண் கண்ணாடியைப் பார்க்காமல் வளைத்தபோது மட்டும் பெடல் சடக்கென்று தரையைத் தொட்டது. தங்கை வீட்டுக்கு வந்து, “கேட்டதுக்குப் பதில் கிடையாது, தப்பு பண்ணினா மட்டும் மிதிக்கிறாரு. மனுஷன் மாறவே இல்ல” என்றாள். ஆனால் அன்றைக்குத்தான் அந்த மாதத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

அவள் தன் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். தினமும் மெக்கானிக் வேலை முடிந்து வந்து கைகழுவியதும் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். மாப்பிள்ளை உட்கார்ந்த அதே நாற்காலி. “எத்தனாவது பாடம்?” என்பதுதான் அவள் கேட்கும் நலம். சீட்டு நழுவினால் அவள் திட்டுவதில்லை. மூச்சை மட்டும் இழுத்துக்கொள்வாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே மெக்கானிக்கின் விரல்கள் வியர்த்தன. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போதும் இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சீட்டைப் புரட்டிப் பழகினார். அஞ்சாவது பாடம் இரண்டு மாதம் எடுத்தது. ஆறாவது பாடத்தில் மழைக்காலம் போனது. ஏழாவதில் சிக்கிக்கொண்டு மூன்று மாதம் அங்கேயே கிடந்தார். ஒளிப்பதெல்லாம் சரியாக இருந்தும் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏன் என்று சொன்னது மனைவிதான். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவள் அவள்.

“ஒளிக்கும்போது நீங்க உங்க கையையே பாக்கறீங்க” என்றாள். “திருடன் தானே மடியத் தொட்டுக் காட்டின கதைதான். எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியப் பாருங்க.”

எதிரில் இருந்தது தங்கையின் முகம். அதைப் பார்ப்பதுதான் அவரால் முடியாமல் இருந்தது. காரணம் அவருக்கு மட்டும் தெரியும். பதினோரு மாதம் அதைத் தொண்டையில் வைத்திருந்தார். எட்டாவது பாடம் முடித்த அன்று சாயங்காலம் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“அன்னிக்கி கைய மூடினேன் பாரு, அப்ப மனசுக்குள்ள, ‘ஒழிஞ்சு போகட்டும் இந்த ஆளு’ன்னு நெனச்சேம்மா.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கை எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்று மெக்கானிக் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார்.

“நானும்தான்” என்றாள். “அன்னிக்கி காலையில இருந்து ஏழு தடவை என்னைத் திருத்தினாரு. செருப்பு எந்தப் பக்கம் விடணும்னு கூட. அவரு சீட்ல இல்லன்னு பாத்ததும் ஒரு நிமிஷம்... அதான் கை தட்டினேன். வேடிக்கைன்னு நெனச்சு இல்ல.”

பிறகு உட்கார்ந்து புத்தகத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள். “ஒம்பதாவது ஆரம்பி. அவரு வரட்டும், வந்தப்புறம் வாயாரத் திட்டிக்கறேன். இல்லாத ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம்?” அதற்குப் பிறகு மெக்கானிக்கால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

ஒன்பதாவது பாடம் நீலக் கட்டில் முதலில் இருபதுக்கு மூன்று முறை சரியாக வந்தது. பதினான்காவது மாதம் இருபதுக்குப் பதினேழு. இருபதுக்கு இருபது வந்த பிறகுதான் பீரோவைத் திறப்பது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். அப்படியிருக்கையில் ஒரு விடுமுறை நாள், காலை பதினோரு மணிக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் போன் செய்தார். கார் ஒரு மதில் சுவரில் மோதிவிட்டது, யாருக்கும் அடியில்லை, ஆனால் பெடல் இரண்டு நாளாகப் பாதிதான் இறங்கிக்கொண்டிருந்தது, இன்று காலையிலிருந்து அசையவே இல்லை. தங்கை போனை வைத்துவிட்டுச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்கூல்காரர் குரல் அறை முழுக்கக் கேட்டிருந்தது.

“இருபதுக்குப் பதினேழுதான்” என்றார் மெக்கானிக். “மூணு தப்பும். அந்த மூணுல ஒண்ணு இன்னிக்கி வந்துட்டா?”

“உக்காந்துக்கிட்டே இருந்தா இருபதும் தப்பும்” என்றாள் மனைவி.

தங்கை தாலிக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தது, பல்லால் கடித்து எடுத்தாள். பீரோவைத் திறந்ததும் மாப்பிள்ளையின் தலை எண்ணெய் வாசனை வந்தது, மங்கலாக, துவைத்த துணியில் மிச்சமிருக்கும் அளவுக்கு. மனைவி வாசல் கதவைத் தாழிட்டு, மின்விசிறியை நிறுத்தினாள். மெக்கானிக் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சிவப்புக் கட்டை எடுத்தார். நீலக் கட்டைவிட அது கனத்தது. கலைத்தபோது சீட்டுகளுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. தங்கையின் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. வெட்டினார், சேர்த்தார், கட்டைவிரலால் நடுவிலிருந்து தள்ளினார். சீட்டு கால்வாசி எழும்பி நின்றுவிட்டது. பழகும்போது தப்பிய மூன்று முறையும் நின்றது இதே இடத்தில்தான். கதவிடுக்கில் நசுங்கிய ஆள்காட்டி விரல் விறைத்துக்கொண்டது. கீழே பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. தங்கை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மூச்சை இழுக்காமல் இருக்க அவள் தன் உதட்டைக் கடித்திருந்தாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவர் அந்த ரத்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு, லிஃப்ட் பெட்டியைக் கைச்சக்கரம் சுற்றி மேலே ஏற்றுகிற நிதானத்தோடு, விரலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்.

எதிர் நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்ததால் மாப்பிள்ளை அவள் மடி மேல்தான் வந்து விழுந்தார். நாற்காலி சாய்ந்து இரண்டு பேரும் தரைக்குப் போனார்கள். நீலச் சட்டை, ஒரு பொத்தான் இல்லை. ஒரு காலில் செருப்பு. காதுக்கு மேல் ஒரு கொத்து முடி குறைவு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் மேசையில் கிடந்த கிளாவர் ஏழைப் பார்த்தார்.

“மச்சான், கைய மூடும்போது உங்க கட்டை விரல் வெளிய தெரிஞ்சுது” என்றார்.

தங்கை அன்றைக்குச் சாயங்காலம் வரை அவரைத் திட்டினாள். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. பதினான்கு மாதமும் அவருக்கு ஒரு கண் இமைப்பாகத்தான் போயிருந்தது, வலது கெண்டைக்கால் மட்டும் ஏனோ பயங்கரமாக வலித்தது. மெக்கானிக்கின் மனைவி காலண்டரைக் கொண்டுவந்து காட்டினாள். மாப்பிள்ளை அதை வாங்கி, இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துக் கேட்ட ஒரே கேள்வி, “அப்ப என் லைசென்ஸ்?” என்பதுதான். அது காலாவதியாகி ஏழு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை லைசென்ஸ் அலுவலகத்தில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. தங்கை கூடவே போய், அவர் சட்டைக் கையைக் கசங்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டை கசங்குகிறது என்று அவர் இரண்டு தடவை சொன்னார், அவள் விடவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் அவர், ‘சீட்டில் இருந்தேன்’ என்று உள்ளதை எழுதி நீட்டினார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, கார் சீட்டா, கட்டுச் சீட்டா, தெளிவாக எழுதணும் என்றார். மாப்பிள்ளை, கட்டுச் சீட்டு என்றார். எந்தச் சீட்டு என்று கேட்டார் குமாஸ்தா. கிளாவர் ஏழு. அதையும் போடுங்க என்று சொல்லி, போட்டதும் முத்திரை குத்தி, இன்னும் ஒரு போட்டோ வேணும், பின்னணி வெள்ளையாக இருக்கணும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.